ஷேப் வாட்டர்: நீர் வனைதல்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசி ஆடும் மாயாஜாலக் கதை ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அடுத்த ஆண்டு ஒரு துணைநூலில் சேர்ந்த சின்ன நீர் வித்தைதான் ‘ஷேப் வாட்டர்’. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி. 30 அடி தொலைவுக்குள், நீள அகல உயரம் ஐந்தைந்து அடிக்குள் அடங்கும் தண்ணீர்தான் கணக்கு. அதை நகர்த்தலாம், ஓட்டத்தைத் திருப்பலாம், எளிய உருவம் கொடுத்து அசைய வைக்கலாம், நிறம் மாற்றலாம். உள்ளே உயிர் எதுவும் இல்லையென்றால் உறைய வைக்கலாம்; ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். தண்ணீர் நகரும் வேகம் யாரையும் காயப்படுத்தாது.

இது ‘கேன்ட்ரிப்’ வகை. ஸ்காட்லாந்து வழக்கில் சூனியக்காரியின் வித்தைக்கு அந்தப் பெயர். ஐந்தாம் பதிப்பில், எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யக்கூடிய எளிய வித்தை என்று பொருள். ‘சிறுமந்திரம்’ என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் மந்திரம் என்றால் வாயால் உருவேற்றுவது. ஷேப் வாட்டருக்குச் சொல்லே கிடையாது, கையசைவு மட்டும் போதும். எனவே ‘சிறுவித்தை’ என்பதே என் தேர்வு.

சரி, பெயருக்கு வருவோம். ‘நீர் உருவாக்கம்’ என்றால் குழப்பம்தான். இல்லாத இடத்தில் 10 கேலன் தண்ணீரை வரவழைக்கும் மந்திரம் அதே ஆட்டத்தில் தனியாக இருக்கிறது. ‘ஷேப்’ என்ற சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் படைத்தல் என்ற பொருள் இருந்தது. இன்று அது இருப்பதற்கு வடிவம் கொடுப்பது. ‘நீர் வடிவமைப்பு’ என்றால் பொதுப்பணித் துறைக் கோப்பு நினைவுக்கு வருகிறது. அறுபத்து நான்கு கலைகளில் வரும் ‘சலத்தம்பம்’ அழகான சொல். ஆனால் தம்பம் என்பது அசையவிடாமல் நிறுத்துவது. உறைய வைப்பதற்கு அது பொருந்தும், உருவம் கொடுத்து ஆடவைப்பதற்குப் பொருந்தாது.

நம்மிடம் ‘வனைதல்’ இருக்கிறது. குயவர் மண்ணைப் படைப்பதில்லை. இருக்கிற மண்ணைக் கையால் பானையாக வனைகிறார். இந்த வித்தையும் அப்படித்தான்: இருக்கிற நீர், வெறும் கை. வினையாகவும் தடையில்லாமல் வரும். ‘குளத்து நீரைக் குதிரையாக வனைகிறேன்’ என்று ஆட்டத்தின் நடுவே சொல்லிப் பாருங்கள், ஒட்டவைத்தது போலவே இருக்காது.

நீருக்கு இந்தச் சொல் புதிதும் அல்ல. சேயாற்றில் சுழலும் குமிழிக்கு மலைபடுகடாம் சொல்லும் உவமை, ‘வனைகலத் திகிரி’, அதாவது பானை வனையும் குயவரின் சக்கரம்.