ஓர்கா பேசவில்லையா? முதலில் ஒலி போகும் வழியைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்வழி அரசுப் பள்ளிகளிலும், கேரளத்தின் மற்றப் பள்ளிகளைப் போலவே, உபுண்டு அடிப்படையிலான கைட் லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. உபுண்டுவில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் ஓர்கா திரைவாசிப்பான் காசில்லாமல் கிடைக்கும். பார்வையற்ற மாணவருக்கு அந்தக் குரல்தான் திரை. குரல் நின்றதும் "சாஃப்ட்வேர் போச்சு" என்று இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவாதீர்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. மாணவர் பழகிவைத்த வேகமும் குரலும் குறுக்குவிசைகளும் அதோடு போய்விடும்.

ஓர்கா தரும் எழுத்து, பேச்சை ஒழுங்குபடுத்தி அனுப்பும் ஸ்பீச் டிஸ்பாட்சர் நிரலுக்குப் போகிறது. அது ஈஸ்பீக் என்ஜி போன்ற குரல் இயந்திரத்திடம் கொடுக்கிறது. அங்கே பிறக்கும் ஒலி, செயலிகளின் ஒலியைப் பகிர்ந்தனுப்பும் பைப்வயர் (பழைய பதிப்புகளில் பல்ஸ்ஆடியோ) வழியாக, சவுண்ட் கார்டை இயக்கும் ஆல்சாவுக்கும், பிறகு ஸ்பீக்கருக்கும் போகிறது. ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் கோளாறு இந்த வழியின் கீழ்ப்பகுதியில், பைப்வயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில். டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற ஒலியளவுக் கருவியைத் திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசை திறந்துவிடும். ஹெட்போன் துளை தளர்ந்திருந்தால், எதுவும் செருகாமலே செருகியதாக நினைத்துக் கணினி ஸ்பீக்கரை அடைத்துவிடும். அங்கேயே 'ஆட்டோ மியூட்' என்பதை நிறுத்திப் பாருங்கள்.

பாட்டு கேட்கிறது, ஓர்கா மட்டும் பேசவில்லை என்றால் பலரும் குரல் இயந்திரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். வகுப்பறையில் அதற்கு முன் பார்க்க வேண்டியது புரொஜெக்டர். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் ஒலி அந்தப் பக்கம் திரும்பிவிடலாம். ஒலி அமைப்பு ஒவ்வொரு செயலிக்கும் கடைசியாகத் தேர்ந்த வெளியீட்டைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். அதனால் பாட்டு ஸ்பீக்கரில் வரும், பேச்சு மட்டும் புரொஜெக்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியை நிறுவி, 'பிளேபேக்' பகுதியில் ஸ்பீச் டிஸ்பாட்சரின் வரியை ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். பேச்சு ஓடும்போதுதான் அந்த வரி தெரியும். ஓர்காவை நீளமாக எதையாவது படிக்கவிட்டு மாற்ற வேண்டும்.

அங்கேயும் வரி வரவில்லை என்றால், சிஸ்டம் மானிட்டரில் ஸ்பீச் டிஸ்பாட்சரை நிறுத்தி, சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை), ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து இருமுறை அழுத்துங்கள். ஓர்கா அணைந்து மறுபடி எழும்போது டிஸ்பாட்சரும் புதிதாகத் தொடங்கும். மாணவரே இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பலரும் பொறுத்துக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு: முதல் அசை விழுங்கப்படுவது. ஒலி எதுவும் இல்லாமல் 5 விநாடி போனால் பைப்வயர் சவுண்ட் கார்டை உறங்கவைத்துவிடும். அது விழிப்பதற்குள் சொல்லின் தலை போய்விடும். '2ஆம் பாடம்', '3ஆம் பாடம்' என்ற இரு கோப்புகளும் 'ஆம் பாடம்' என்றே காதில் விழுந்தால் எதைத் திறப்பது, எதை அழிப்பது? பைப்வயரை மேலாளும் வயர்பிளம்பர் நிரலின் அமைப்பில் 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' மதிப்பை 0 ஆக்கினால் அது உறங்காது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். புளூடூத் ஹெட்செட்டில் விசை அழுத்துவதற்கும் குரல் வருவதற்கும் இடையே தாமதம் இருக்கும். 3.5 மி.மீ. கம்பி ஹெட்போனே மேல்.

குரலை அமைக்க இன்சர்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள் (லேப்டாப் அமைப்பில் இன்சர்ட்டுக்குப் பதில் கேப்ஸ்லாக்). ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தால் சரியாக வராது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் கலந்து புழங்கும் இந்த ஊர்களில் மூன்றுக்கும் தனித்தனி புரொஃபைல் (சேமித்துவைக்கும் அமைப்புத் தொகுப்பு) செய்துவைப்பதே வசதி. ஈஸ்பீக்கின் இயல்பு வேகம் நிமிடத்துக்கு 175 சொல். தமிழில் சொற்கள் ஒட்டி நீள்வதால் புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அது ஓட்டமாக இருக்கும். வேகத்தைக் குறைத்துத் தொடங்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வினாத்தாள் மட்டும் உளறலாக வந்தால், தட்டச்சு செய்த எழுத்துருவைப் பாருங்கள். பாமினியோ, மலையாளத்தில் எம்எல்-டிடிகார்த்திகாவோ போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது கண்ணுக்குத்தான் நம் எழுத்து. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஓர்கா அவற்றைத்தான் படிக்கும். அதை, எல்லா மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றாமல் கொடுக்கக் கூடாது. ஸ்கேன் செய்த தாள் வெறும் படம் என்பதால் அதில் படிக்க எழுத்தே இல்லை. 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளின் தமிழ்த் தரவு வழியாக எழுத்தாக்கி, பிழை திருத்தித் தர வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாளே அதே கணினியில், அதே ஹெட்போனில் முழுத்தாளையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள்.