பாதர் நடத்தும் கல்லூரிதானே என்று காசு கட்டுவதற்கு முன்

கொட்டாஞ்சேனையில் எங்கள் கீழ்மாடியில் இருக்கும் அன்ரி போன வருடம் ஒரு மாலை கையில் பைலோடு வந்து நின்றார். மகள் திருச்சபை நடத்தும் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் படித்து முடித்திருந்தாள். அரச வேலை ஒன்றுக்கான நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர், "இந்தப் பட்டம் எந்த வர்த்தமானியில வந்திருக்கு, பிள்ளை?" என்று கேட்டாராம். பிள்ளைக்கு என்ன தெரியும்? "பாதர்மார் நடத்துற இடம், சேர்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்.

கல்லூரி பொய் சொல்லவில்லை. அதற்கு அங்கீகாரம் இருந்தது, ஆனால் வேறொரு பட்டத்துக்கு. இவள் படித்த பாடநெறி மூன்று வருடமும் "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற நிலையிலேயே கிடந்திருக்கிறது. கட்டிய காசுக்கு ரசீது இருக்கிறது. வாக்குக்கு ரசீது இல்லை.

1954 இல் பீற்றர் பிள்ளை அடிகளார் பொரளையில் அக்குவைனாஸ் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கும் முந்திய மிஷன் பள்ளிக்கூடங்களின் காலத்திலிருந்தே கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருச்சபைப் படிப்பின்மேல் ஒரு மரியாதை. சைவக் குடும்பம், முஸ்லிம் குடும்பம் என்ற வேறுபாடு அதில் கிடையாது. நான் சொல்லப்போகும் எதுவும் அந்தக் கல்லூரியைப் பற்றியதல்ல. மரியாதை காரணமாக நாம் கேட்காமல் விடும் கேள்விகளைப் பற்றியது. டியூட்டரிக்காரரிடம் "லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்கும் நமக்கு, பாதரிடம் கேட்க வாய் வருவதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரச பல்கலைக்கழகம் அல்லாத ஒரு நிறுவனம் இலங்கையில் தன் சொந்தப் பெயரில் பட்டம் கொடுக்க வேண்டுமென்றால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சர் அரச வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். தொழிற்பயிற்சி என்றால் நாரஹேன்பிட்ட எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. இறையியல் என்றால் இந்தியாவில் இருக்கும் சேரம்பூர் கல்லூரியின் செனற் அல்லது ஆசிய இறையியல் சங்கம் போன்ற வெளிநாட்டு அமைப்புகள். அங்கீகாரம் என்ற ஒரே சொல்லைத்தான் இந்த மூன்று இடத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். பாதிக் குழப்பம் இந்தச் சொல்லால்தான்.

முதல் பொறி அன்ரியின் மகள் விழுந்தது. வர்த்தமானி அங்கீகாரம் பட்டத்தின் பெயரோடு வருகிறது. உளவியல் பட்டத்துக்கு அனுமதி பெற்ற நிறுவனம் அதே கட்டடத்தில், அதே கதிரையில் இருத்தி முகாமைத்துவம் படிப்பித்தால், முகாமைத்துவத்துக்கு அந்த அனுமதி ஒட்டாது. ஆகவே "கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "இருக்கு" என்று உண்மையாகவே பதில் சொல்லலாம். சான்றிதழில் அச்சாகப்போகும் பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்துச் சொல்லி, அது எந்தத் திகதி வர்த்தமானியில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை சேரும் திகதியையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொழிற்கல்விப் பக்கம் இதே பொறிக்கு வேறு பெயர். அங்கே நிறுவனத்தைப் பதிவு செய்வது ஒரு வேலை, பாடநெறியைத் தரநிர்ணயம் செய்து அங்கீகரிப்பது இன்னொரு வேலை. பதிவுச் சான்றிதழைப் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள், மேலே திருஇருதயப் படம் இருக்கும், பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வேண்டுமென்றால் பாடநெறிக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். மாட்டியிருக்கும் தாளில் முடிவுத் திகதியையும் பாருங்கள். காலாவதியான தாள் சுவரில் தொங்குவதை நானே இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டிப்ளோமா. "இது டிகிரியின் முதல் வருடத்துக்குச் சமம்" என்று சேர்க்கும்போது சொல்வார்கள். யார் சமம் என்று ஒப்புக்கொண்டது? இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் மொத்தம் 12 மட்டங்கள். டிப்ளோமா 3 ஆம் மட்டம், 30 கிரெடிட். உயர் டிப்ளோமா 4 ஆம் மட்டம், 60 கிரெடிட். மூன்று வருடப் பட்டம் 5 ஆம் மட்டம், 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். சனிக்கிழமை அரை நாள் மட்டும் ஆறு மாதம் போய் வந்து 30 கிரெடிட் என்றால் ஒரு கல்குலேட்டர் போதும், 1500 மணித்தியாலம் எங்கே என்று கேட்கலாம். கிரெடிட்டை மாற்றிக் கொடுக்க இன்னொரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியையும் கேளுங்கள்.

இறையியல் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சேரம்பூருக்கு 1827 ஆம் ஆண்டின் டென்மார்க் அரச பட்டயம் இருக்கிறது, பிலிமத்தலாவையில் இருக்கும் இலங்கை இறையியல் கல்லூரி அதோடுதான் இணைந்திருக்கிறது. சபையில் ஊழியத்துக்கு அந்தப் படிப்புக்கு நல்ல மதிப்பு. ஆனால் பிறகு மனம் மாறி அரச வேலைக்கோ வெளிப் பட்டப்பின் படிப்புக்கோ போனால், அங்கே கேட்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதத்தை. இரண்டும் வேறு. சேரும் நாளிலேயே இதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் பிறகு யாரோடும் கோபம் வராது.

வர்த்தமானி இருந்தாலும் போதாத படிப்புகளும் உண்டு. மாலபேயில் சைட்டம் என்ற தனியார் நிறுவனம் 2011 இல் வர்த்தமானி அனுமதி பெற்றுத்தான் மருத்துவம் படிப்பித்தது. மருத்துவப் பேரவைப் பதிவுக்காக மாணவர்கள் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தாதியம், சட்டம் போன்ற தொழிலுக்குப் பேரவை அல்லது சபை இருந்தால் அங்கேயும் ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சரி, அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தக்கவைக்கக் கல்லூரி தன்னைத்தானே மதிப்பிட்டு ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். பெற்றோரில் நூற்றில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதப்படும் மிக முக்கியமான தாள் இதுதான்.

முகாமைத்துவம், ஆளணியும் கட்டடமும், பாடத்திட்டம், கற்பித்தல், மாணவர் ஆதரவு, பரீட்சை என்று தலைப்பு வாரியாகக் கல்லூரி தன்னைப் பற்றி எழுதும். ஒவ்வொரு வரிக்கும் சான்று வைக்க வேண்டும். கூட்டக் குறிப்பு, விரிவுரையாளரின் நியமனக் கடிதம், வெளிப் பரீட்சகரின் அறிக்கை, மாணவர் நிரப்பிய கருத்துப் படிவம், பெறுபேறு எந்த நாளில் வெளிவந்தது என்ற பதிவு. பிறகு வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து தாளையும் இடத்தையும் ஒப்பிட்டு, ஆசிரியரோடும் மாணவரோடும் பேசிப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார்கள். நோக்கம் நல்லது. தன் குறையைத் தானே எழுதி, அதைத் திருத்தும் திட்டத்தையும் வைக்கும் கல்லூரிக்குத்தான் இந்த முறையில் மதிப்பு.

நடப்பது பல இடத்தில் வேறு. மதிப்பீட்டாளர் வர மூன்று மாதம் இருக்கும்போது கந்தோரில் திடீரென்று சுறுசுறுப்பு வரும். நான்கு வருடத்துக் கருத்துப் படிவங்களை ஒரே கிழமையில் நிரப்பச் சொல்வார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்படி பழைய திகதி போட்டு நிரப்பிவிட்டு வந்து, பெரிய பகிடி மாதிரிச் சொன்னார்கள். பகிடி இல்லை. நீங்கள் நடத்தப்படாத வகுப்புக்கு "மிக நன்று" என்று கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அந்த வகுப்பு நடக்கவில்லை என்று முறையிட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. இன்றைய திகதியை மட்டும் போடுங்கள். திட்டினால், "பாதர், என் கையெழுத்து, என் திகதி" என்று பணிவாகச் சொல்லலாம்.

மதிப்பீட்டாளரைச் சந்திக்க மாணவரைத் தெரிவு செய்வதும் கல்லூரிதான் என்றால், நல்லதாகப் பேசும் பிள்ளைகள்தான் போவார்கள். உங்களைத் தெரிவு செய்யாவிட்டாலும் வரும் நாளைத் தெரிந்து வைத்திருங்கள். நூலகத்திலோ கன்டீனிலோ அவர்களே வந்து பேச்சுக் கொடுத்தால் உள்ளதை உள்ளபடி சொல்வதில் தப்பில்லை.

திருச்சபைக் கல்லூரிக்கென்றே சில பலவீனங்கள் இருக்கின்றன, அவை அறிக்கையில் நேர்மையாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இயக்குநர் பாதருக்கு மாற்றம் வந்தால் புதியவர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார், பழைய வாக்குறுதிகள் பழையவரோடு அடுத்த பங்குக் கோயிலுக்குப் போய்விடும். ஆகவே வாய்வார்த்தை வேண்டாம், கடிதத் தலைப்பில் எழுதி வாங்குங்கள். அடுத்தது, நிர்வாகம், பாடம், பரீட்சை மூன்றையும் ஒரே ஆள் கையில் வைத்திருப்பது. புள்ளி பற்றி முறையிட வேண்டிய ஆளும் புள்ளி போட்ட ஆளும் ஒருவரே என்றால் முறைப்பாடு எங்கே போகும்? சமயப் பாடம் கட்டாயமா, அதற்குக் கிரெடிட் உண்டா என்பதையும் சைவ, முஸ்லிம் பிள்ளைகள் சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும். நோக்கக் கூற்றில் "எல்லாச் சமயத்தவருக்கும்" என்று இருக்கும். நேர அட்டவணையைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி அலைச்சல். கல்லூரிக் கந்தோர் "யூஜிசியில் கேளுங்கோ" என்றது, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில். அன்ரி கொழும்பு 7, வார்ட் பிளேசுக்குப் போனார். அங்கே "இது தனியார் நிறுவனம், அமைச்சின் பிரிவுதான் பார்க்கும்" என்று அனுப்பினார்கள். அமைச்சில் "கல்லூரி தந்த கடிதத்தைக் கொண்டு வாங்க" என்றார்கள். கல்லூரியில் கடிதம் எழுத வேண்டிய பாதர் ரோமுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். யாரும் பிழை விடாமலே ஒரு மனுஷியை ஒரு மாதம் முச்சக்கரவண்டியில் சுற்ற வைக்க முடிகிறது.

ஆகவே நேரில் போவதைக் குறைத்து, எழுதுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசுக் கந்தோருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 43 ஆம் பிரிவு, ஏதாவதொரு சட்டத்தின்கீழ் அங்கீகாரமோ அனுமதிப்பத்திரமோ பெற்ற தனியார் கல்வி நிறுவனங்களையும், தொழிற்கல்வி நடத்துபவற்றையும் சேர்த்தே பகிரங்க அதிகாரசபை என்கிறது. அங்கீகாரத்தைக் காட்டி விளம்பரம் செய்த கல்லூரி, அந்த அங்கீகாரத்தின் பேரிலேயே உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அரச அங்கீகாரமே இல்லாத, பாதர்மாரைப் பயிற்றும் குருமடத்துக்கு இது பொருந்தாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டாலும் எழுத வேண்டாம், காரணம் எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். அமைச்சுக்கும் மேலே சொன்ன ஆணைக்குழுக்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் தந்த உரிமை. கடிதத்தைக் கொடுத்த உடனே பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். "சீல் போடுற ஆள் இல்லை" என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தத் திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள், நமது பக்கம் பெரும்பாலும் தோற்பது நாள் தவறித்தான்.

கேள்வி குறுகலாக இருக்கட்டும். "கல்லூரியின் தரம் பற்றிய எல்லா விபரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. அன்ரிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது நான்கே வரி: இன்ன பெயருடைய பட்டத்துக்கான வர்த்தமானியின் திகதியும் இலக்கமும், அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்த திகதி, கடைசிச் சுயமதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, அதைத் தொடர்ந்து வந்த வெளி மதிப்பீட்டின் முடிவு. கல்லூரிக்கு ஒன்று, அமைச்சுக்கு அதே கேள்வியோடு இன்னொன்று. இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே உங்கள் முறைப்பாட்டின் முதல் தாள்.

பன்னிரண்டாம் நாள் கல்லூரியிலிருந்து அன்ரிக்கு போன் வந்தது. "ஏன் அன்ரி எழுத்தில எல்லாம் போட்டீங்க, நேரில வந்து ஒரு சொல் கேட்டிருக்கலாமே?" அன்ரி கொப்பியைத் திறந்து, தான் நேரில் போன நான்கு திகதிகளையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.