மனப்பாட ஆங்கிலம் தேர்வறையில் எங்கே உடைகிறது?

என் எதிரே வந்து உட்கார்ந்ததும் அவர் பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு ஸ்பைரல் நோட்டு. ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த நர்ஸ். இங்கிலாந்துக்குப் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டார். கேட்டலிலும் வாசிப்பிலும் 9க்கு 7 கிடைத்துவிட்டது. பேச்சும் எழுத்தும் மூன்று முறையும் 6ஐத் தாண்டவில்லை. நோட்டில் 60 தலைப்புகள், 60 விடைகள். முன்பு படித்த பயிற்சி மையத்தில் கொடுத்தார்களாம். ஓரங்களில் உச்சரிப்பைத் தமிழில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். புரட்டிப் புரட்டித் தாள்களின் முனை துணிபோல் மென்மையாகிவிட்டிருந்தது.

“எல்லாவற்றையும் பார்க்காமலே சொல்வேன் மேடம். பிறகும் ஏன் ஆறிலேயே நிற்கிறது?” என்று கேட்டார்.

மாதிரித் தேர்வு ஒன்று வைத்தேன். ‘உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று அட்டை கொடுத்தேன். யோசிக்கக் கொடுக்கும் ஒரு நிமிடத்தில் அவர் தாளில் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆரம்பித்ததும் பார்வை கூரையின் மூலைக்குப் போய்விட்டது. பள்ளியில் காலை உறுதிமொழி சொல்வதுபோல ஏற்ற இறக்கம் இல்லாத குரல். தன் வாழ்க்கைக்கே தூணாக நின்ற ஒரு மாமாவைப் பற்றி இரண்டு நிமிடம் தங்குதடையின்றிச் சொன்னார். முடித்ததும், “அந்த மாமா இப்போது எங்கே இருக்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. அப்படி ஒரு மாமா அவருக்குக் கிடையாது. நோட்டில் மட்டுமே இருந்தவர் அவர்.

சிறிது தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, “நேற்று நைட் டியூட்டி எப்படிப் போனது?” என்று கேட்டேன், அதையும் ஆங்கிலத்தில்தான். அவர் அதைத் தேர்வாக நினைக்கவில்லை. வயதான ஒரு நோயாளி ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்து இழுத்து எறிந்ததையும், மகன் பெயரைச் சொல்லிக் கத்தியதையும், விடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றதையும் சொன்னார். இறந்தகாலத்தில் சொல்ல வேண்டிய வினைகள் பாதி நிகழ்காலத்தில் விழுந்தன. ஒரு சொல்லுக்காக நின்றார், தேடினார், தானே திருத்திக்கொண்டார். ஆனால் கண்கள் என் முகத்தில் இருந்தன. நான் இடையில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. “உங்கள் ஏழு இங்கேதான் இருக்கிறது, அந்த நோட்டில் இல்லை” என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன்.

இதைப் பொதுவில் எழுதக் காரணம், இப்படிப்பட்ட நோட்டுகளோடு வருகிறவர்கள் குறையவே இல்லை என்பதுதான். ஒரு முறை எழுத 17,000 ரூபாயாவது கட்ட வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்யும் நர்சுகள் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளம். மூன்று முறை தோற்றால் அரை லட்சம் போகிறது. அதைவிட, ‘எனக்கு ஆங்கிலமே வராது’ என்ற நினைப்பு மனதில் குடியேறிவிடுகிறது. எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது அதுதான்.

தேர்வின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்தாலே மனப்பாடம் ஏன் தோற்கிறது என்பது விளங்கும். ஐஇஎல்டிஎஸ் 1989இல் இந்தப் பெயரில் தொடங்கியது. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, பொழுதுபோக்கு பற்றி எளிய கேள்விகள். இரண்டாவதில் ஓர் அட்டை: ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். இதுவரை நோட்டு தாக்குப்பிடிக்கும். மூன்றாவது பகுதியில் தேர்வாளர் அதே பொருளை விரித்துக் கேட்பார். நகரத்தில் அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் உதவுவது குறைந்துவிட்டதா, ஏன் என்பது போன்ற கேள்வி. நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டே அடுத்த கேள்வி வரும். இரண்டாம் பகுதியில் அலங்காரமாகப் பேசியவர் இங்கே நான்கு சொல்லுக்குத் திணறினால், முன்பு பேசியது யாருடைய ஆங்கிலம் என்பது தேர்வாளருக்குப் புரிந்துவிடும். மனப்பாட விடைகளை அடையாளம் காண அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். எழுத்தில் விளைவு இன்னும் கடுமை. முழு விடையும் மனப்பாடம் என்பதற்குச் சான்று இருந்தால் மதிப்பெண் 0 என்று அவர்கள் வெளியிட்டுள்ள அளவுகோலிலேயே இருக்கிறது.

பேச்சை நான்கு அளவுகோல்களால் அளக்கிறார்கள்: தடையில்லாத தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. இலக்கணத்தில் 7 பெறப் பிழையே இல்லாமல் பேச வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும், சில பிழைகள் இருக்கலாம். 7க்கு அவர்கள் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். இதைச் சொன்னதும் வகுப்பில் தோள்கள் தளர்ந்து இறங்குவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பிழைக்குப் பயந்து மூன்று சொல்லில் பதிலை முடித்துக்கொள்கிறவர்கள்தான் தொடர்ச்சியிலும் சொல்வளத்திலும் சேர்த்து இழக்கிறார்கள்.

சொல்வளம் என்றதும் மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றைத் திணித்துவிடுகிறார்கள். மழை பெய்ததைச் சொல்ல நாயையும் பூனையையும் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதுதான் முக்கியம். நாம் தமிழில் மாத்திரை ‘சாப்பிடுகிறோம்’, ஊசி ‘போடுகிறோம்’. அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘ஈட்’ என்றும் ‘புட்’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் மாத்திரைக்கு ‘டேக்’, ஊசிக்கு ‘கிவ்’. ஒரு நர்ஸ் தன் பணியில் தினமும் புழங்கும் இப்படிப்பட்ட 100 இணைகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், அந்தப் பட்டியல் அவருக்குத் தேவைப்படாது.

உச்சரிப்பில் வெள்ளைக்காரரைப் போலப் பேச வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். தாய்மொழியின் சாயல் கேட்பவரின் புரிதலைப் பெரிதாகப் பாதிக்காவிட்டால் 8 வரைகூடக் கொடுக்கிறார்கள். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். தமிழ் எழுத்தில் மாத்திரையைக் குறிக்கும் ‘பில்’லும் கடையில் கொடுக்கும் ‘பில்’லும் ஒன்றே. ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு. உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துப் படித்தால் இந்த வேறுபாடு காதுக்கு வரவே வராது. நோட்டின் ஓரத்துப் பென்சில் குறிப்புகளை நான் அழிக்கச் சொன்னது இதனால்தான். அடுத்தது அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை தேயும். ‘கம்ஃபர்டபிள்’ என்ற சொல்லில் முதல் அசை ஓங்கி நடுவில் இருப்பது கரைந்துபோகும். நாமோ ‘ஃபோர்ட்’டை முழுசாக நிறுத்திச் சொல்கிறோம்.

நர்சுகளுக்கு இது மதிப்பெண் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் வகுப்பில் மாறி மாறிச் சொல்லி மில்லிகிராம் அளவை எழுதச் சொல்வேன். சொல்கிறவர் அழுத்தத்தை இடம் மாற்றிவிட்டால், கேட்டவர் 15க்குப் பதில் 50 என்று எழுதிவிடுகிறார். அந்தத் தாளைச் சம்பந்தப்பட்ட இருவரிடமும் காட்டும்போது யாரும் சிரிப்பதில்லை. அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். அதோடு ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தும் பழக்கத்தையும் அன்றே தொடங்கிவிட வேண்டும்.

எழுத்துத் தேர்வுக்கு வருகிறேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பணிகள்: முதலாவது 150 சொல், இரண்டாவது 250 சொல். இரண்டாவதற்கு இரட்டை எடை. இங்கே விற்கப்படுவது அச்சுக் கட்டுரை. ‘இந்த நவீன யுகத்தில் இன்னது பரபரப்பான பேச்சாகிவிட்டது’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி, தலைப்புக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். தலைப்பு கல்வியானாலும் குப்பையானாலும் அதே முன்னுரை, அதே முடிவுரை. ‘எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்?’ என்பது கேள்வியாக இருக்கும். அச்சோ நன்மை ஒரு பத்தி, தீமை ஒரு பத்தி என்று ஓடிவிடும். கேட்டதற்குப் பதில் சொல்லாத கட்டுரை, எவ்வளவு அழகான சொற்கள் இருந்தாலும், கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்ற முதல் அளவுகோலிலேயே சரிந்துவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ‘மோரோவர்’, ‘ஃபர்தர்மோர்’ என்று ஒட்டுவதும் இயந்திரத்தனமான இணைப்பாகத்தான் கணக்கில் வரும். கேள்வியில் உள்ள வரிகளை அப்படியே பெயர்த்து எழுதினால் அவற்றைச் சொல் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை அவர்கள் ஒரு பாடமாகப் படித்திருக்கிறார்கள். கைடில் இருக்கும் பத்தியை வரி மாறாமல் எழுதியவருக்குத்தான் நல்ல மதிப்பெண் கிடைத்தது. அப்படிப் படித்துத்தான் வீட்டில் பெயர் எடுத்தார்கள். ஆங்கிலம் நமக்கு அயல்மொழி. புழங்கினால்தான் அது நாவில் நிற்கும். புழங்குவதற்கு வகுப்பில் நேரம் கொடுக்காமல், வளர்ந்த பிறகு தேர்வாளர் முன் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டோம். நானும் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் கட்டுரைத் தாள்களில் ஒரு பிழை விடாமல் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தவள்தான். திரும்ப வந்த கட்டுரைகள் ஒவ்வொரு வாரமும் குட்டையாகிக்கொண்டே போயின. துணிந்து எழுதினால்தானே பிழை வரும் என்று அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இப்போது ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் குறிக்கிறேன்.

நோட்டை மூடிய பிறகு என்ன செய்வது? எனக்கு அதிகம் பலன் தந்த பயிற்சி, நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனின் எழுத்துகள் வழியாகப் பல நாட்டு வகுப்புகளுக்கும் பரவியது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அதையே வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். ஒவ்வொரு முறையும் கேட்பவர் புதியவர் என்பதால் செய்தி புதிதாகவே சொல்லப்படுகிறது. நேரம் குறையக் குறைய இடையில் வரும் முனகல்களும் நிறுத்தங்களும் தாமாக உதிர்கின்றன. அந்த ஐசியு நர்ஸ் முதல் நாள் ஆக்சிஜன் மாஸ்க் கதையை நான்கு நிமிடத்தில் முடிக்க முடியாமல் பாதியில் நிறுத்தினார். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அந்தப் பெரியவர் தூங்கும்வரை சொல்லி முடித்துவிட்டார். மாமா அன்றோடு காணாமல் போனார். மாலையில் அதே கதையை போனில் பதிவு செய்து, இறந்தகால வினைகளை மட்டும் கேட்டுத் திருத்தி, மறுபடி பதிவு செய்வார். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இங்கிலாந்துக்குப் போகும் நர்சுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மருத்துவத் துறையினருக்கென்றே உருவான ஓஇடி தேர்வை, நர்சுகளைப் பதிவு செய்யும் பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2017 முதல் ஏற்கிறது. பேச்சுத் தேர்வில் நீங்கள் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளி அல்லது உறவினராக நடிப்பார். ஐந்து நிமிடமாக இரண்டு காட்சிகள். மொழியோடு, நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டீர்களா, அவர் சொன்னதைக் காதில் வாங்கினீர்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ‘உங்கள் கவலை புரிகிறது’ என்ற வரியை எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்று பயிற்றுவிப்பவர்களிடம் கவனமாக இருங்கள். எதிரே அழுகிறவருக்கு அது கேட்கவே கேட்காது.

கவுன்சில் ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்பது பேச்சு, கேட்டல், வாசிப்பில் 7, எழுத்தில் 6.5. இந்த நான்கின் சராசரி 6.875; அது மொத்த மதிப்பெண்ணில் 7 ஆகிவிடும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டுமுன் கவுன்சிலின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘தேர்வுக்கு முன்பே கேள்வித்தாள்’, ‘எழுதாமலே சான்றிதழ்’ என்று வரும் செய்திகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மதிப்பெண் சான்றிதழைப் பெறும் நிறுவனம் அதை இணையத்தில் நேரடியாகச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. போலிச் சான்றிதழ் அங்கேயே பிடிபடும். 2014இல் பிரிட்டனில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்தது வெளியானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசா ரத்தானது. நேர்மையாக எழுதியவர்களும் அதில் அகப்பட்டு, பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். குறுக்குவழி கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த மாணவர்களைப் பற்றித்தான்.

பயிற்சி மையத்தில் சேரப் போகிறவர்கள் கட்டணம் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? அதில் நான் எத்தனை நிமிடம் வாய் திறப்பேன்? நான் எழுதும் கட்டுரையை யார் படிப்பார்கள், எத்தனை நாளில் திருத்திக் கையில் கொடுப்பார்கள்? ‘கேரன்டி பேண்ட்’ (இந்த மதிப்பெண் உறுதி) என்று பலகையில் எழுதியிருந்தால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். முதல் நாளே கையில் நோட்டைத் திணித்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.