ஹிப்னோதெரபிக்குப் போகும் முன்

"மேடம், பையனுக்கு ஹிப்னாடிஸம் பண்ணி செல்போனை மறக்க வைக்க முடியுமா?" என்று கேட்டு வரும் பெற்றோர் நிறைய. பையன் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். "உனக்கு விருப்பமாப்பா?" என்று கேட்டால் பதில் வராது. விருப்பமில்லாதவருக்கு இது பலிக்காது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன்.

ஹிப்னாடிஸத்துக்கு மனோவசியம் என்ற பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. ஹிப்னாடிஸத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்தும் ஹிப்னோதெரபியில் யாரும் யாருக்கும் வசப்படுவதில்லை. தூக்கமும் இல்லை, நினைவும் தப்பாது. வெளியே ஆட்டோ ஹாரன் கேட்கும், மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். கவனம் ஓரிடத்தில் குவிந்திருக்கும்போது, சொல்லும் யோசனையை மனம் சுலபமாக ஏற்கிறது, அவ்வளவுதான். சிலர் சட்டென்று ஆழ்ந்துவிடுவார்கள். சிலருக்கு எத்தனை முறை உட்கார்ந்தாலும் ஒன்றும் நடக்காது. அது அவர்கள் குறையல்ல.

நல்ல பலன் தெரிவது ஐபிஎஸ் (IBS, Irritable Bowel Syndrome) எனும் குடல் தொல்லையில். அடையாளத்தை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியை. பஸ் ஏறும் முன் வழியில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று கணக்குப் போடுவார். இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டும் வயிற்று வலி விடவில்லை. மலத்தில் ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா என்று கேட்டு, குடல் மருத்துவரின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தேன். காரணம் தெரியாத வலியை முதலில் அமுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் நோய் வெளியே தெரியாமலே போய்விடும். அப்புறம், கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, அந்தச் சூடு உள்ளே பரவுவதாக உணரச் சொன்னேன். குடல் சீராக ஓடும் ஆறு என்று நினைக்கச் சொன்னபோது அவர் மனதில் வந்தது தாமிரபரணி. ஏழெட்டு வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த முறையை மான்செஸ்டரில் குடல் மருத்துவர் பீட்டர் வோர்வெல் குழு 1984-லேயே சோதித்துப் பார்த்தது. மருந்து 12 மாதம் பலன் தராத ஐபிஎஸ்காரர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல்.

சிகரெட்டை விடுவதற்கு இதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது. அதற்குக் கிடைத்திருக்கும் ஆதாரம் வலுவில்லாதது.

காதில் குரல் கேட்பவர்கள், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் முதலில் போகவேண்டியது மனநல மருத்துவரிடம். தற்கொலை எண்ணம் வந்தால் எதற்கும் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள்.

முற்பிறவியைக் காட்டுகிறோம் என்று சொல்வோரிடம் தயவுசெய்து போகாதீர்கள். ஹிப்னாடிஸ நிலையில் மனம் கற்பனையையும் நினைவாகவே பதித்துக்கொள்ளும், அதை உறுதியாக நம்பவும் செய்யும். தண்ணீர் பயம் என்று போன ஒரு பெண்ணிடம் போன பிறவியில் கிணற்றில் மூழ்கிச் செத்தாய் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்னிடம் வந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றவே அவருக்குக் கை நடுங்கியது.

வாரக் கடைசி வகுப்பில் வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நீங்கள் போகிறவர் மனநல மருத்துவரா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று பாருங்கள். "ஹிப்னாடிஸம் இல்லாமல் என் பிரச்சினைக்கு வேறு என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால், முன்பணம் கட்டியிருந்தாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.