அகலப் பலகையும் பழைய வீட்டின் ஈரமும்

பழைய வீட்டுக்கு மரத்தரை போட நினைப்பவர்கள் நிறத்தையும் இழையோட்டத்தையும் பார்த்துத்தான் பெரும்பாலும் பலகை வாங்குகிறார்கள். அகலப் பலகைகள் கண்ணுக்கு அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் சில வருடங்கள் கழித்தும் அந்தத் தரை சமமாக இருக்குமா என்பது மரத்துக்குள் உள்ள ஈரத்தைப் பொறுத்தது.

வெட்டி உலர்த்திய பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திரும்ப விடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் சுமார் 6 சதவீதத்தில் வந்து நிற்கும். 70 சதவீதம் என்றால் சுமார் 13. உள்ளே போகும் ஈரம் செல் சுவர்களை உப்ப வைக்கிறது. நீளவாக்கில் இது தெரியவே தெரியாது. அகலவாக்கில் நன்றாகத் தெரியும்.

அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் விரிகிற அளவில் ஏறத்தாழ பாதிதான் நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் விரியும். ஆகவே பலகையின் முனையைத் திருப்பிப் பாருங்கள். 250 மி.மீ. அகலச் சிவப்பு ஓக் பலகையில் வளையக் கோடுகள் படுத்திருந்தால், ஈரம் 4 சதவீதம் கூடும்போது அகலம் சுமார் 3.7 மி.மீ. கூடும். கோடுகள் நிமிர்ந்து நின்றால் சுமார் 1.6 மி.மீ.தான். படுத்த வளையம் கொண்ட 60 மி.மீ. பலகைக்கே 0.9 மி.மீ.தான் ஆகும். அறை முழுக்கக் கணக்குப் போட்டால் குறுகிய பலகையும் அகலப் பலகையும் ஒரே அளவுதான் அசைகின்றன. ஆனால் அகலப் பலகையில் இணைப்புகள் குறைவு. அதனால் வறண்ட காலத்தில் ஒவ்வொரு இடைவெளியும் பெரிதாகத் தெரிகிறது.

பழைய வீடுகளில் பலகைத் தளத்துக்கு அடியில் வெறும் மண் இருப்பது சகஜம். அங்கிருந்து எழும் ஈரத்தைப் பலகையின் அடிப்பக்கம் குடிக்கிறது. மேற்பக்கம் உலர்ந்தே இருக்கிறது. அடி மட்டும் விரிவதால் ஓரங்கள் மேலெழும்பி, நடு குழிந்துவிடும். மண்மேல் தடித்த பாலித்தீன் விரிப்பதும், மழைநீரைச் சுவரிலிருந்து விலக்கி விடுவதும்தான் முதல் வேலை. இதைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த மரம் வாங்கினாலும் பலன் இல்லை.

அப்புறம் ஈரமானி. பலகையை அறையில் சில நாள் அடுக்கி வைத்தால் போதும் என்பார்கள். நாள் கணக்கை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். அகலப் பலகைக்கும் அதைப் பதிக்கும் அடித்தளத்துக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்த பிறகே பதிக்க வேண்டும். தரையைத் தாங்கும் உத்தரங்கள் தொய்ந்திருந்தால் அவற்றை அதற்கு முன்பே மட்டப்படுத்திவிடுங்கள். பலகை அகலமாக ஆக, அதே பரப்பில் விழும் ஆணிகள் குறையும்; அதனால் ஆணியோடு பசையும் சேர்ப்பது நல்லது. சுவரோரம் சுமார் 19 மி.மீ. இடம் விட்டால், விரியும் தரை சுவரில் முட்டாது.

அடியீரத்தை முழுக்கக் கட்டுப்படுத்த முடியாத வீடா? அப்படியானால் மேலே மட்டும் அசல் மரம் வைத்த பல அடுக்குப் பலகையையே நான் தேர்ந்தெடுப்பேன். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் ஒன்றின் விரிவை மற்றொன்று பிடித்து நிறுத்தும்.

ஏற்கெனவே ஓரம் எழும்பிய தரையை உடனே இழைக்க விடாதீர்கள். ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்து, ஈரமானி பழைய அளவுக்கு இறங்கும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு ஓரங்களைத் தேய்த்துவிட்டால், பலகை உலர்ந்து பழைய நிலைக்கு வரும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாக நிற்கும்.