வெயிலுக்குப் பயந்து இருட்டில் நாயை நடத்துகிறீர்களா?

வேலூரில் நாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் விடிவதற்கு முன்பு கிளம்புவார்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. குறை சொல்ல முடியாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பகலில் தார்ச்சாலையில் நடத்தினால் நாயின் பாதம் வெந்துவிடும். ஆனால் அதே வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடக்கும் விரியனும் அந்த நேரத்தில்தான் இரை தேடி வருகிறது.

போன கோடையில் சத்துவாச்சாரி மலையடிவாரத்திலிருந்து ஒரு லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "முள்ளு குத்தியிருக்கும்னு நெனச்சோம் டாக்டர். காலையில பாத்தா மூஞ்சியே வீங்கிப் போச்சு" என்றார் அந்த அம்மா. முந்தின இரவு எட்டு மணிக்குப் புதருக்குள் மூக்கை நுழைத்து ஒருமுறை கத்தியிருக்கிறது, அவ்வளவுதான். என்னிடம் வந்தபோது ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தேன். சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. நாய் பிழைத்தது, ஆனால் வீணாய்ப்போன அந்த ஓர் இரவுக்காக ஐந்து நாள் டிரிப்ஸில் கிடந்தது.

நம் பக்கத்துப் பாறைக்குன்றுகளும் முட்புதரும் சுருட்டை விரியனுக்குப் பிடித்தமான இடம். ஒன்று, ஒன்றரை அடிதான் இருக்கும், சருகோடு சருகாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. நாய் எதையும் மோந்துதான் பார்க்கும் என்பதால் கடி முகத்திலோ முன்னங்காலிலோ விழும். விரியன் கடித்தால் வீக்கம் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் பெயரில்தான் விரியன், அது வேறு வகைப் பாம்பு. அதன் கடியில் வீக்கமே இருக்காது. நாய் தள்ளாடும், எச்சில் ஒழுகும், பிறகு மூச்சு திணறும்.

சந்தேகம் வந்தாலே போதும், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வேப்பிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாம்பைத் தேடி அடிக்கவும் போகாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், மனிதர்களுக்குப் போடும் அதே ஊசி. அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது, மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். என் மேசைக்கு வரும் மருந்துக் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

முள்ளம்பன்றி முள் ஏறினால் வீட்டில் பிடுங்காதீர்கள், முறிந்து உள்ளே தங்கிவிடும். மழைக்குப் பிறகு தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து வாயைத் தண்ணீரால் வெளிப்பக்கமாகக் கழுவிவிட்டு உடனே கொண்டுவாருங்கள்.

அப்புறம், அடிபடுவது நம் நாய் மட்டும் இல்லை. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் போனதும் 'கொஞ்சம் ஓடட்டுமே' என்று சங்கிலியை அவிழ்த்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. துரத்தப்பட்ட புள்ளிமான் தப்பித்துவிட்டது என்று நினைப்போம். அந்த ஓட்டத்தில் தசை சிதைந்து பின்னால் செத்துப்போகலாம். மயில் தரையில்தான் முட்டையிடும். மயில், உடும்பு, மான் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை.

அதனால் சங்கிலி ஐந்தடிக்கு மேல் வேண்டாம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, தரை சூடாவதற்குள் நடத்துங்கள். இருட்டில்தான் முடியும் என்றால் கையில் டார்ச் இருக்கட்டும், பாதையின் நடுவிலேயே போங்கள். இன்றைக்கே உங்கள் மருத்துவருக்கு ஒரு போன் போட்டு, விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா, ராத்திரியில் யாரிடம் வர வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.