மேல்தண்ணீரும் கீழ்தண்ணீரும்: டெல்டாவில் சுரங்கப் பேச்சு எழும் முன்பே அளக்க வேண்டியவை

2023ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில், தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு வட்டத்தைச் சேர்ந்த வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றும் பழுப்பு நிலக்கரித் தொகுதிகளாக இடம்பெற்றிருந்தன. விவசாயிகளும் மாநில அரசும் எதிர்த்ததால், அவை நீக்கப்படுவதாக அடுத்த மாதமே அறிவிக்கப்பட்டது. அத்தோடு பேச்சும் ஓய்ந்துவிட்டது. நிலத்தடி நீரை அளப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்த ஓய்வான காலம்தான் மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. சுரங்கம் தோண்டிய பின் எடுக்கும் அளவு எதுவாக இருந்தாலும், தோண்டுவதற்கு முந்தைய அளவு கையில் இல்லையென்றால் அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

டெல்டாவில் நம் காலடியில் இருப்பது ஒரே தண்ணீர் அல்ல. மேலே காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து படியவைத்த மணலிலும் வண்டலிலும் தங்கியிருக்கும் மேல்தண்ணீர் ஒன்று. பில்டர் பாயிண்ட் எனப்படும் ஆழமில்லாத குழாய்க் கிணற்றிலும் உறைக்கிணற்றிலும் நாம் இறைப்பதும், கோயில் குளத்தைத் தூர்வாரும்போது அடியில் ஊறுவதும், கோடையில் கொள்ளிடத்து மணலைத் தோண்டினால் ஊற்றாகச் சுரப்பதும் இதுதான். அதற்குக் கீழே களிமண் அடுக்குகளைத் தாண்டி, கடலூர் மணற்பாறை என்று புவியியலில் அழைக்கப்படும் படிவத்தில் இருப்பது கீழ்தண்ணீர். அந்தப் பாறை தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம் மேட்டுநிலத்தில் வெளியே தெரிகிறது. அங்கே மழைநீரை வாங்கிக்கொண்டு, கடலை நோக்கிச் சரிந்து டெல்டாவுக்கு அடியில் புதைந்து செல்கிறது. பழுப்பு நிலக்கரியும் இந்தப் படிவத்தோடு சேர்ந்தே கிடக்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே நெய்வேலியில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். அங்கே நிலக்கரிக்குக் கீழே உள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்திக்கொண்டிருந்தது. 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்கு அது சமம். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து நீர் பீறிடும். ஆகவே, 1957இல் தோண்டத் தொடங்கி 1961இல் நிலக்கரியை எட்டிய அந்தச் சுரங்கத்தில், ஆழ்குழாய்க் கிணறுகள் இரவு பகலாக நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலேயே போர்வெல்லில் தண்ணீர் பொங்கி வழிந்த சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றில் இன்று அந்தக் காட்சி இல்லை.

இதில் மக்கள் பெரும்பாலும் அறியாத ஒரு கணக்கு உண்டு. மேல் மணலில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்க வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலிருந்தும் ஏறத்தாழ 100 முதல் 250 லிட்டர் வரை வெளியேற வேண்டும். களிமண்ணால் மூடப்பட்டு அழுத்தத்தில் இருக்கும் கீழ்ப்படுகையிலோ, ஒரு லிட்டரோ அதற்கும் குறைவாகவோ எடுத்தாலே மட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிடும். அதனால்தான் கீழ்தண்ணீரின் அழுத்தக் குறைவு மேல்தண்ணீரைவிட மிக வேகமாகவும் மிகத் தொலைவுக்கும் பரவுகிறது. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் சுரங்கத்தைச் சுற்றி வழக்கமாக வரையப்படும் 10 கிலோமீட்டர் வட்டம், இத்தகைய படுகைக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

எனவே, சுரங்கத்துக்கு அருகில் ஓர் ஊற்று வற்றாமல் இருப்பதைக் காட்டி "பாதிப்பில்லை" என்று சொல்வதும் தவறு, ஓர் ஊற்று வற்றியதைக் காட்டிச் சுரங்கத்தின் மீது பழி போடுவதும் தவறு. கொள்ளிடத்து ஊற்று ஆற்றில் விடப்படும் நீரையும், மணல் அள்ளப்பட்ட ஆழத்தையும் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கும் மூடப்படும் ஜனவரி 28க்கும் இடையே வாய்க்கால்களால் மேல்மட்டம் ஏறும், பிறகு இறங்கும். மே மாத அளவை ஜனவரி அளவோடு ஒப்பிட்டு யார் எதை வாதிட்டாலும் அது செல்லாது. மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மழைக்காலம் தவிர்த்த ஒரே ஒரு பருவத்தின் தரவை அடிப்படை அளவு என்று கொள்ளும் பழக்கமும் டெல்டாவுக்குப் பொருந்தாது.

அளப்பதற்கு ஊரில் ஏற்கெனவே உள்ள கிணறுகள் போதும், ஆனால் எந்தக் கிணறு எந்தத் தண்ணீரை எடுக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரத்தநாடு பக்கம் ஒரு விவசாயி என்னிடம், "மொத்தம் பதினாறு லெங்த் இறக்கினோம் சார், அடியில மூணு பில்டர்" என்றார். ஒரு லெங்த் என்பது 20 அடி நீளக் குழாய், பில்டர் என்பது நீர் உள்ளே புகத் துளையிட்ட அதே நீளக் குழாய். ஆக அந்தக் கிணறு 320 அடி ஆழம், நீர் புகும் இடம் 260 முதல் 320 அடி வரை. இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஓர் ஆய்வுக் குறிப்புக்குச் சமம். நடுவிலும் அடியிலும் பில்டர் வைத்த கிணற்றில் இரண்டு தண்ணீரும் கலந்துவிடுவதால், அதன் மட்டம் எதையும் சொல்லாது. போர் போட்டவர் எழுதிக் கொடுத்த பழைய ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

மட்டம் எடுப்பதற்கு முந்தைய இரவே மோட்டாரை நிறுத்த வேண்டும். மும்முனை மின்சாரம் வந்ததும் பக்கத்து வயல் பம்புசெட் ஓடத் தொடங்கினாலும் மட்டம் இறங்கும் என்பதால் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிணற்றின் வாய்விளிம்பில் பெயிண்டால் ஒரு குறி இட்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே நாடாவை இறக்க வேண்டும். அந்தக் குறி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒருமுறை அளந்துவிட்டால், ஊருக்கு ஊர் ஒப்பிட முடியும்.

நீரின் தரத்துக்கு வந்தால், தேங்கிய நீரை மாதிரியாக எடுப்பதுதான் அடிக்கடி நிகழும் பிழை. குழாயில் நிற்கும் நீரின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இறைத்த பிறகே புட்டியைப் பிடிக்க வேண்டும். அமிலத்தன்மையையும் மின்கடத்துதிறனையும் அங்கேயே, அப்போதே அளக்க வேண்டும். பழுப்பு நிலக்கரியோடு இருக்கும் கந்தகக் கனிமங்கள் காற்றுப் பட்டால் சல்பேட்டும் இரும்பும் நீரில் கூடும். ஆனால் தெளிவாக வந்த நீர் சிறிது நேரத்தில் பழுப்பாகி அடியில் படிந்துவிட்டால், ஆய்வகத்தில் இரும்பு குறைவாகவே தெரியும். அதற்காகத்தான் உலோகங்களுக்கென்று ஒரு புட்டி நீரை வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்துத் தனியே எடுக்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி சல்பேட் லிட்டருக்கு 200 மில்லிகிராமும், குளோரைடு 250 மில்லிகிராமும் ஏற்கத்தக்க அளவுகள்.

வேதாரண்யம், முத்துப்பேட்டை, நாகப்பட்டினம் பக்கம் குளோரைடுதான் முதல் கவலை. கடலோர மேல்மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பின் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும் என்பது நீண்ட காலமாக அறியப்பட்ட விதி. கீழ்ப்படுகையிலும் அழுத்தம் குறைந்தால் உப்பு உள்நாட்டை நோக்கி நகரும், அப்படி நுழைந்த உப்பைக் கழுவி வெளியேற்றத் தலைமுறைகள் ஆகலாம்.

இனி எந்தச் சுரங்கத் திட்டமானாலும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, ஒரே இடத்தில் மேல்படுகைக்கு ஒன்றும் கீழ்ப்படுகைக்கு ஒன்றுமாக இரட்டைக் கண்காணிப்புக் கிணறுகள் எங்கெங்கே உள்ளன, அவற்றில் குறைந்தது இரண்டு ஆண்டு அளவுகள் எடுக்கப்பட்டுள்ளனவா என்பதே. ஒவ்வொரு கிணற்றுக்கும் பில்டர் ஆழம், கடல்மட்ட உயரம், அளந்த நாள், மோட்டார் நின்ற நேரம் ஆகியவை அந்த அட்டவணையில் இருக்க வேண்டும். இவை இல்லாத அட்டவணையை ஆதாரமாக ஏற்க முடியாது என்று கூட்டக் குறிப்பில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யுங்கள்.